மோட்டாருக்கு வயர் போடும் முன்: ரியல்-டைம் சிமுலேஷனைத் தனி மெஷினில் ஓட்டுவது எப்படி

லேப்டாப்பில் ஒரு டிசி மோட்டார் மாடலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு பிஐடி கன்ட்ரோலரும் போட்டு ரன் கொடுத்தால், பத்து வினாடி சிமுலேஷன் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்து கிராஃப் வந்துவிடும். அதே மாடலைத் தனி மெஷினில் ஏற்றி, நிஜ மோட்டாரோடு சேர்த்து ஓட்டும்போது பத்து வினாடி என்றால் பத்து வினாடிதான், முன்னே போனாலும் தப்பு, பின்னே போனாலும் தப்பு. ரியல்-டைம் என்றதும் படு வேகமான கம்ப்யூட்டர் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். மிருதங்கக்காரர் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார் என்று பாடகர் பார்ப்பதில்லை, காலப்பிரமாணம் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார். இங்கேயும் அப்படித்தான். 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை சென்சாரைப் படித்து, கணக்குப் போட்டு, வோல்டேஜை வெளியே அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதைப் பத்து லட்சம் முறையும் செய்தாக வேண்டும். சராசரியாக எவ்வளவு நேரம் எடுத்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதிகபட்சம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்தத் தனி மெஷின் எந்த வேஷம் கட்டப்போகிறது என்பதை. அது கன்ட்ரோலராக இருந்து நிஜ மோட்டாரை ஓட்டலாம். அல்லது அதுவே மோட்டாராக நடிக்க, நிஜ கன்ட்ரோலர் போர்டு தன் முன்னால் உண்மையான மோட்டார் இருப்பதாக நம்பி வேலை செய்யலாம். முதலாவதை ரேபிட் கன்ட்ரோல் புரோட்டோடைப்பிங் என்பார்கள், இரண்டாவதை ஹார்டுவேர்-இன்-த-லூப், சுருக்கமாக ஹில். வயரிங், ஆபத்து, சாம்பிள் டைம் (எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்குப் போடுவது) மூன்றுமே இந்த இரண்டிலும் வேறு வேறு. முதலாவதில் தப்பு நடந்தால் மோட்டார் தறிகெட்டு ஓடும். இரண்டாவதில் பெரும்பாலும் திரையில் ஒரு கிராஃப் மட்டும்தான் கெட்டுப்போகும். இந்தக் கட்டுரை முக்கியமாக முதலாவதைப் பற்றியது, ஹில் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

மெஷின் விஷயம்

கல்லூரி லேப்களிலும் கம்பெனிகளிலும் அதிகம் பார்க்கக் கிடைப்பது மேட்லேப், அதில் மாடல் வரையும் சிமுலிங்க், அந்த மாடலைத் தனி மெஷினில் ஓட்டும் சிமுலிங்க் ரியல்-டைம், கீழே ஸ்பீட்கோட் கம்பெனியின் மெஷின் ஒன்று. டிஸ்பேஸ், ஓபல்-ஆர்டி போன்றவையும் உண்டு, பட்டன்களின் பெயர் மாறுமே தவிர நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். மாடலை நீங்கள் வரையும் லேப்டாப்பை ஹோஸ்ட் என்பார்கள், மாடல் ஓடும் தனி மெஷினை டார்கெட் என்பார்கள். பழைய டுடோரியல்களில் எக்ஸ்பிசி டார்கெட் என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இதன் பழைய பெயர் அது, 2014இல் மாற்றினார்கள். அந்தக் காலத்தில் மூலையில் கிடக்கும் பழைய பிசியை எடுத்து டார்கெட் ஆக்கிவிடலாம். 2020பி பதிப்பிலிருந்து டார்கெட்டில் கியூஎன்எக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தது, அதோடு ஸ்பீட்கோட் மெஷின் மட்டும்தான் என்றாகிவிட்டது. 'சாதா பிசியில் எப்படிச் செய்வது' என்று பத்து வருடத்துக்கு முன் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வீணாக்காதீர்கள்.

ஸ்பீட்கோட் வாங்கப் பணமில்லையா? லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸை நேரம் தவறாமல் ஓட வைக்கும், பல வருடம் தனி பேட்ச் ஆகவே இருந்த ப்ரீஎம்ப்ட்-ஆர்டி, 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அதிகாரப்பூர்வமாகவே சேர்ந்துவிட்டது. அந்த வழியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கீழே தனியாகச் சொல்கிறேன்.

கேபிளும் ஐபியும்

டார்கெட்டை ஹோஸ்ட்டோடு நேராக ஒரு நெட்வொர்க் கேபிளால் இணையுங்கள். ஆபீஸ் ஸ்விட்ச், வைஃபை எதுவும் நடுவில் வேண்டாம். டார்கெட்டின் ஐபி வழக்கமாக 192.168.7.5 என்று இருக்கும். ஹோஸ்ட்டில் அந்தக் கேபிள் போகும் போர்ட்டுக்கு 192.168.7.2 மாதிரி ஒன்றைக் கையால் கொடுத்து, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று போட்டு, பிங் அடித்துப் பாருங்கள். பிங் வருகிறது, ஆனால் மேட்லேப் கனெக்ட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபயர்வால். இரண்டாவது, ஹோஸ்ட்டில் இருக்கும் மேட்லேப் பதிப்பும் டார்கெட்டில் இருக்கும் சாஃப்ட்வேரும் ஒத்துப்போகாதது. லேப்டாப்பில் புதுப் பதிப்பு போட்ட கையோடு டார்கெட்டையும் அப்டேட் செய்ய வேண்டும், ஸ்பீட்கோட்டின் ஐ/ஓ பிளாக் (வெளியே சிக்னல் வாங்கவும் அனுப்பவும் உதவும் பிளாக்) லைப்ரரியும் அதே பதிப்புக்கானதாக இருக்க வேண்டும். பாதிப் புராஜெக்ட்டில் இருக்கும்போது யாராவது 'புதுசு வந்திருக்கு, போட்டுடலாமா' என்று கேட்டால், புராஜெக்ட் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மாடலை நேரத்துக்குப் பழக்குவது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். லேப்டாப்பில் ஓடிய மாடல் வேரியபிள்-ஸ்டெப் சால்வரில், அதாவது நேர அடியைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் கணக்கு முறையில், ஓடியிருக்கும். ஏதாவது திடீரென்று மாறினால் அந்தச் சால்வர் பின்னால் போய், சின்னச் சின்ன அடியாக வைத்து, மாறிய இடத்தைத் தேடிப் பிடிக்கும். டார்கெட்டில் அந்தச் சலுகை கிடையாது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, போன நேரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் ஃபிக்ஸ்டு-ஸ்டெப், ஒவ்வோர் அடியும் ஒரே அளவு.

ஸ்டெப் எவ்வளவு? இதற்கு மாடலைத்தான் கேட்க வேண்டும். ஒரு சின்ன டிசி மோட்டாரை எடுத்துக்கொள்வோம்: சுருளின் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம், இண்டக்டன்ஸ் 1 மில்லி ஹென்றி. இண்டக்டன்ஸை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் மின்சுற்றின் டைம் கான்ஸ்டன்ட் (கரண்ட் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதன் அளவு) 1 மில்லி வினாடி. மோட்டாரும் லோடும் சேர்ந்து வேகம் பிடிக்க இதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும், ஆனால் ஸ்டெப்பை முடிவு செய்வது வீட்டிலேயே அவசரக்காரர் யாரோ அவர்தான். சாதா ஆய்லர் முறையில், மின்சுற்றை மட்டும் பார்த்தால், கரண்டுக்கும் அது போய் நிற்க வேண்டிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு ஸ்டெப்பிலும், ஒன்றிலிருந்து ஸ்டெப்-பை-டைம்-கான்ஸ்டன்ட்டைக் கழித்த எண்ணால் பெருக்கப்படும். ஸ்டெப் 100 மைக்ரோ வினாடி என்றால் அந்த எண் 0.9. உண்மையில் வர வேண்டியது ஏறக்குறைய 0.905, பரவாயில்லை. ஸ்டெப் 1 மில்லி வினாடி என்றால் அந்த எண் பூஜ்யம், கரண்ட் ஒரே தாவலில் கடைசி மதிப்புக்குப் போய் நிற்கும், அப்படி எந்த மோட்டாரும் செய்யாது. 2 மில்லி வினாடி என்றால் -1, கரண்ட் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதையும் தாண்டினால் கிராஃப் வானத்துக்குப் போய்விடும். 'கன்ட்ரோலரின் கெய்ன் தப்பு' என்று நினைத்து ஒருவர் அரை நாள் பிஐடியின் பெருக்கல் எண்களைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன், சிக்கல் ஸ்டெப்பில் இருந்தது.

அதனால் அவசரக்கார டைம் கான்ஸ்டன்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று ஆரம்பியுங்கள். சால்வரைப் பொறுத்தவரை, ஓடிஇ1 (மேலே சொன்ன ஆய்லர்தான்) ஒரு ஸ்டெப்புக்கு ஒரு தடவை கணக்குப் போடும், ஓடிஇ4 நான்கு தடவை போடும். ஓடிஇ4 துல்லியமானதுதான், ஆனால் அந்த நான்கு தடவைக்கும் 100 மைக்ரோ வினாடிக்குள் நேரம் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். அல்ஜிப்ரைக் லூப் (ஒரு பிளாக்கின் விடை அதே ஸ்டெப்பில் அதற்கே இன்புட்டாகத் திரும்புவது) என்ற எச்சரிக்கை வந்தால் லேப்டாப்பில் அலட்சியம் செய்திருப்பீர்கள், இங்கே கூடாது. விடை கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்குப் போடும் வேலை அது, எத்தனை தடவை போடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. லூப்பில் ஒரு யூனிட் டிலே (ஒரு ஸ்டெப் தாமதம்) போட்டு உடையுங்கள். அப்புறம், ஓடும்போதே கெய்னை மாற்ற வேண்டும் என்றால் கோட் ஜெனரேஷன் செட்டிங்கில் பாராமீட்டர்கள் டியூனபிள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்லைன் என்று இருந்தால் அந்த எண்கள் கோடுக்குள்ளேயே உறைந்துபோயிருக்கும், நீங்கள் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் மோட்டார் காதில் வாங்காது.

ஸ்டெப் சின்னதாக இருந்தால் நல்லதுதானே?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் சென்சாரான என்கோடரை வைத்துப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 1000 கோடு உள்ள குவாட்ரேச்சர் என்கோடர், நான்கு விளிம்பையும் எண்ணினால் சுற்றுக்கு 4000 கவுன்ட். மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் வினாடிக்கு 50 சுற்று, அதாவது 2 லட்சம் கவுன்ட். 100 மைக்ரோ வினாடி ஸ்டெப்பில் 20 கவுன்ட்தான் வரும். இந்த ஸ்டெப்பின் கவுன்ட்டிலிருந்து போன ஸ்டெப்பின் கவுன்ட்டைக் கழித்து வேகம் கண்டுபிடித்தால், ஒரே ஒரு கவுன்ட் கூடினாலும் குறைந்தாலும் அது நிமிடத்துக்கு 150 சுற்று வித்தியாசமாகத் தெரியும்! மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருக்கும், திரையில் வேகம் 3000க்கும் 3150க்கும் தவளை மாதிரி தாவும், கன்ட்ரோலர் அதை நம்பிக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும், மோட்டார் 'கர்ர்' என்று கத்தும். அதே கணக்கை 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை செய்தால் ஒரு கவுன்ட்டின் மதிப்பு 15 சுற்றாகக் குறைந்துவிடும்.

ஆக, கரண்டைக் கட்டுப்படுத்தும் கரண்ட் லூப் 100 மைக்ரோ வினாடியில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேக லூப் 1 மில்லி வினாடியில் என்று ஒரே மாடலுக்குள் இரண்டு ரேட் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில், டேட்டாவை ஒரு ரேட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் ரேட் டிரான்ஸிஷன் பிளாக் போட மறக்காதீர்கள். என் அனுபவத்தில் புதியவர்களின் மாடல்களில் பாதிக்கு மேல் எல்லாமே ஒரே ரேட்டில் இருக்கும், அதுவும் தேவையைவிட வேகமான ரேட்டில்.

முதல் ஓட்டம்: ஒரு வயரும் வேண்டாம்

பில்ட் கொடுங்கள். மாடல் சி++ கோடாக மாறி, கம்பைல் ஆகி, ஒரு ரியல்-டைம் அப்ளிகேஷன் ஃபைல் உருவாகும். அதற்கு டார்கெட் சப்போர்ட் பேக்கேஜ் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பில்ட் பாதியில் நின்றுவிடும். அப்புறம் கனெக்ட், லோட், ஸ்டார்ட். பட்டனிலும் செய்யலாம், கட்டளை அடித்தும் செய்யலாம். முதல் சில நாள் கட்டளையாகவே அடியுங்கள், எது எந்தக் கட்டத்தில் தகராறு செய்கிறது என்று தெரியும்.

இந்த முதல் ஓட்டத்தில் கன்ட்ரோலர், மோட்டார் மாடல் இரண்டுமே டார்கெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஐ/ஓ பிளாக் எதுவும் வேண்டாம். லேப்டாப்பில் அதே ஸ்டெப், அதே சால்வரில் வந்த கிராஃபையும் டார்கெட்டிலிருந்து வந்த கிராஃபையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், கோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒட்டவில்லை என்றால் மேலே போகாதீர்கள், வயர் சேர்ந்த பிறகு அந்தத் தப்பைத் தேடுவது நரகம்.

அடுத்து பார்க்க வேண்டிய எண், டாஸ்க் எக்ஸிக்யூஷன் டைம். ஒவ்வொரு ஸ்டெப்பின் கணக்கும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று டார்கெட் அளந்து வைத்திருக்கும். 100 மைக்ரோ வினாடி ஸ்டெப்பில் சராசரி 20, அதிகபட்சம் 35 என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். சராசரி 20, அதிகபட்சம் 95 என்றால் தூங்கக்கூடாது, ஏனென்றால் ஐ/ஓ கார்டு பிளாக்குகள் இன்னும் சேரவே இல்லை, அனலாக் சேனல்களைப் படிக்கவும் எழுதவும் அவை தனியாக நேரம் கேட்கும். கணக்கு முடிய ஸ்டெப் நேரத்தைத் தாண்டினால் ஓவர்லோட் என்று சொல்லி மாடல் நின்றுவிடும். 'இத்தனை ஓவர்லோட் வரை விட்டுவிடு' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அதைத் தொட்டு ஓட வைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்பவர்கள், வண்டியில் எண்ணெய் விளக்கு எரிந்தால் அதன் மேல் டேப் ஒட்டுகிற கட்சி.

இதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிக்காதீர்கள், ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லி வினாடி ஸ்டெப்பே 36 லட்சம் தடவை வரும். ஓராயிரம் தடவை பார்த்து மோசமான சுற்றைப் பிடிக்க முடியாது.

லினக்ஸ் வழியில் போகிறவர்களுக்கு

இங்கே யாரும் உங்களுக்காக அளந்து தரமாட்டார்கள், நீங்கள்தான் அளக்க வேண்டும். சைக்ளிக்டெஸ்ட் என்ற சின்ன புரோகிராமை முதலில் ஓட்டுங்கள், அது குறித்த நேரத்துக்கு எழுந்திருக்க முயன்று, எவ்வளவு தாமதமாக எழுந்தது என்று எழுதிக்கொண்டே போகும். சும்மா இருக்கும் மெஷினில் ஓட்டிப் பயனில்லை. பக்கத்தில் பெரிய ஃபைல்களைக் காப்பி செய்துகொண்டே, நெட்வொர்க்கை ஓட்டிக்கொண்டே, கெர்னலைக் கம்பைல் செய்துகொண்டே ஓட்டுங்கள். பயாஸில் ஹைப்பர்-த்ரெடிங், சிபியு தூங்கும் சி-ஸ்டேட்கள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். சில மதர்போர்டுகளில் எஸ்எம்ஐ என்ற ஒன்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கே தெரியாமல் சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அப்படிப்பட்ட போர்டை மாற்றுவதுதான் சுலபம்.

கோடில் மூன்று விஷயம் கட்டாயம். கன்ட்ரோல் த்ரெட்டுக்கு (கணக்குப் போடும் வேலைக்கு) ஃபிஃபோ ஷெட்யூலிங்கில் உயர்ந்த பிரையாரிட்டி. மெமரி முழுவதையும் எம்லாக்ஆல் என்ற கட்டளை போட்டுப் பூட்டுவது, இல்லையென்றால் என்றோ ஒருநாள் பேஜ் ஃபால்ட் (தேவையான மெமரி கையில் இல்லாமல் தேடப் போவது) வந்து ஒரு சுற்றைத் தின்னும். மூன்றாவதுதான் புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம்: 'இப்போதிலிருந்து 1 மில்லி வினாடி தூங்கு' என்று எழுதாமல், 'இந்தக் குறிப்பிட்ட நேரத்துக்கு எழுப்பு' என்று எழுத வேண்டும். கணக்குக்கு 60 மைக்ரோ வினாடி போய், அதன் பிறகு 1 மில்லி வினாடி தூங்கினால் ஒரு சுற்று 1.06 மில்லி வினாடி. ஒரு மணி நேரத்தில் 36 லட்சம் சுற்றுக்குப் பதிலாக 34 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான் வந்திருக்கும். இன்டக்ரேட்டர் எல்லாம் 1 மில்லி வினாடி என்று நம்பிக் கூட்டிக்கொண்டே போயிருக்கும்.

லினக்ஸ் வழக்கமாக ரியல்-டைம் த்ரெட்களுக்கு ஒரு வினாடியில் 950 மில்லி வினாடி மட்டும்தான் கொடுக்கும், மீதி 50ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் லூப் எழுதியிருந்தால் இந்த 50இல் போய் மாட்டிக்கொள்ளும். லூப்புக்குள் பிரிண்ட் போடக்கூடாது, ஃபைல் எழுதக்கூடாது, மெமரி கேட்கக்கூடாது. டேட்டாவை ஒரு பஃபரில் போட்டுவிட்டு, கீழ் பிரையாரிட்டி த்ரெட் எழுதட்டும்.

அந்த பஃபரை ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தொடலாம் என்று பூட்டு போட்டால், அதில் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் (காத்திருக்கும் வேலையின் பிரையாரிட்டியைப் பூட்டைப் பிடித்திருக்கும் வேலைக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாள் கழித்து அடிக்கடி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலை டேட்டா சேகரிக்கும் கீழ் பிரையாரிட்டி வேலை ஒரு பூட்டைப் பிடித்திருக்க, நடுப் பிரையாரிட்டி வேலை ஒன்று குறுக்கே வந்து ஓட, அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த மேல் பிரையாரிட்டி வேலை நேரம் தவறி, வேலை நேரத்துக்கு முடிகிறதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக் மொத்தத்தையும் ரீசெட் செய்தது. பூமியிலிருந்தபடியே அந்த ஒரு ஆப்ஷனை ஆன் செய்துதான் சரி செய்தார்கள்.

இப்போது வயர்

ஐ/ஓ கார்டின் பின்அவுட் தாளை (எந்தப் பின்னில் எந்தச் சிக்னல் என்று காட்டுவது) அச்சடித்துப் பக்கத்தில் வையுங்கள். முதலில் மோட்டார் வேண்டாம். அனலாக் அவுட்புட்டை ஒரு வயரால் அதே கார்டின் அனலாக் இன்புட்டுக்கே திருப்பிக் கொடுத்து, மாடலில் ஒரு சைன் அலை அனுப்பிப் பாருங்கள். ±10 வோல்ட், 16 பிட் கார்டு என்றால் ஒரு படி 0.3 மில்லி வோல்ட் அளவு. திரும்பி வரும் அலை அதைவிடப் பல மடங்கு தடிமனாகத் தெரிந்தால் கிரவுண்ட் வயரையும், டிஃபரன்ஷியலா சிங்கிள்-எண்டடா என்ற செட்டிங்கையும் பாருங்கள்.

அடுத்து மோட்டாரை, அதற்குப் பவர் கொடுக்கும் டிரைவரோடு இணைத்து, லூப்பை மூடாமல், அதாவது என்கோடர் கவுன்ட்டைக் கன்ட்ரோலருக்குத் திருப்பிக் கொடுக்காமல், சின்னதாக அரை வோல்ட் கட்டளை மட்டும் கொடுங்கள். பிளஸ் கொடுத்தால் என்கோடர் கவுன்ட்டும் பிளஸ் பக்கம் போகிறதா? எதிர்ப்பக்கம் போனால் என்கோடரின் ஏ, பி வயர்களை மாற்றுங்கள், அல்லது மாடலில் ஒரு மைனஸ் போடுங்கள். இதைப் பார்க்காமல் லூப்பை மூடினால் கன்ட்ரோலர் வேகத்தைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிக்கொண்டே போகும், முழு வோல்டேஜுக்குப் போக அரை வினாடிகூட ஆகாது.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் மோட்டாரின் பவர் லைனையே வெட்ட வேண்டும். மாடலுக்குள் ஒரு ஸ்டாப் பிளாக் போட்டிருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த பெஞ்சிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

மாடலை நம்பிப் பவரை விட்டுவைக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்ட விதம் சொல்கிறேன். ஆரம்பகாலத்தில் ஒருநாள் சாயங்காலம், நேரமாகிவிட்டது என்று லேப்டாப் மூடியை மூடி, கேபிளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மோட்டார் அப்போது ஓடவில்லை, செட்பாயின்ட் (மோட்டாரிடம் கேட்கும் அளவு) பூஜ்யம், அதனால் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைப்பு. ஆனால் டார்கெட்டுக்கு ஹோஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அது பாட்டுக்கு ஓடும், அதற்குத்தானே அதை வாங்குகிறோம். டிரைவரில் இருந்த சின்ன ஆஃப்செட்டை எதிர்த்து, கன்ட்ரோலர் ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே கரண்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய வாசனை. மோட்டார் உடம்பில் கை வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். கிளம்பும் முன் ஸ்டாப் கட்டளை, அதன் பின் பவர் ஸ்விட்ச், இதே வரிசையில். இன்னொன்று, ஒவ்வொரு அனலாக் அவுட்புட் பிளாக்கிலும் மாடல் நிற்கும்போது வெளியே என்ன வோல்டேஜ் போக வேண்டும் என்ற செட்டிங்கைத் திறந்து பார்ப்பது. கடைசி மதிப்பையே பிடித்து வைத்திரு என்று அது இருந்தால், மாடல் நின்ற பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். பூஜ்யத்துக்குப் போ என்று மாற்றிவிட்டு, மல்டிமீட்டரை வைத்து ஸ்டாப் கொடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். தூக்கு இயந்திரம் மாதிரி பாரம் தொங்கும் இடத்தில் பூஜ்யம்கூட ஆபத்து, அங்கே பிரேக் வேண்டும்.

ஹில் பக்கம் போகிறீர்கள் என்றால்

டார்கெட் மோட்டாராக நடிக்கும்போது எதிரே இருக்கும் கன்ட்ரோலர் போர்டு பிடபிள்யூஎம் (ஆன், ஆஃப் நேரத்தின் பங்கை மாற்றி வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) அனுப்பும். அது 10 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் ஒரு முழு சுழற்சியே 100 மைக்ரோ வினாடி. உங்கள் மாடலும் 100 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை டிஜிட்டல் இன்புட்டைப் பார்த்தால் ஆன் அல்லது ஆஃப் என்று ஒரு பிட் மட்டும் கிடைக்கும், 37 சதவீத டியூட்டி, அதாவது 37 சதவீத நேரம் ஆன் என்பது எங்கேயும் தெரியாது. பிடபிள்யூஎம் கேப்சர் உள்ள கார்டு வாங்கி டியூட்டியை எண்ணாக எடுங்கள், வேகம், டார்க் அளவில் பார்க்க அது போதும். ஸ்விட்ச்சிங்கால் வரும் கரண்ட் அலையே வேண்டும் என்றால் மோட்டாரின் மின்பகுதியை எஃப்பிஜிஏ என்ற வேகமான சிப்புக்கு மாற்ற வேண்டியதுதான், அது தனிப் படிப்பு.

எல்லாம் ஓடிய பிறகு, டார்கெட் ஆன் ஆனதும் மாடல் தானாகவே தொடங்கும்படி வைக்க ஒரு வசதி உண்டு. ஃபீல்டுக்கு எடுத்துப்போகும்போது உதவும். லேப் பெஞ்சில் வைத்திருக்கும்போது அதை ஆஃப் செய்துவிடுங்கள், அப்படி முடியாதென்றால் மெஷின் தலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'ஆன் செய்தால் மோட்டார் சுற்றும்' என்று மார்க்கரில் பெரிதாக எழுதி வையுங்கள். எங்கள் பெஞ்சில் அந்த டேப் இரண்டு தடவை உரிந்துபோய், மூன்றாவது தடவை ஒட்டியது இன்னும் இருக்கிறது.